பிரட்டுக் களமும் பந்துத் திடலும்

விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு வந்து நிற்கும் பால்மரத் (ரப்பர்) தொழிலாளி முதலில் பார்ப்பது வானத்தை. மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. அடுத்துப் பார்ப்பது மேற்பார்வை செய்யும் மண்டோரின் முகத்தை. நேற்று யார் பட்டையில் காயம் விழுந்தது, யார் வாளி குறைந்து வந்தது என்று தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதி வைத்திருப்பது இன்னும் வாசிக்கப்படவில்லை. ஆனாலும் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பதை அந்த முகம் முன்கூட்டியே சொல்லிவிடும். மலேசியாவில் சிரம்பானைச் சுற்றியும், போர்ட்டிக்சன் சாலையிலும், ரந்தாவ், லாபு, பகாவ் பக்கமும் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் இப்படி முகம் படித்துத்தான் நாளைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு 500, 600 மரங்கள். குனிந்து நிமிர்ந்து வெட்டி, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, வந்த நிரையிலேயே திரும்ப நடந்து மங்குகளில் இருக்கும் பாலை ஊற்றியெடுத்து, காண்டா என்னும் தோள் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோர் வரைக்கும் சுமந்து போக வேண்டும்.

உடம்பு அசைந்தால் புத்தி தெளியுமா, பிறர் முகத்தில் ஓடும் உணர்ச்சியைக் கண்டுகொள்ளும் திறன் கூடுமா என்று உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். குறிப்பாக 18 வயதிலிருந்து 30 வரை உள்ள இளையோரிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்களில் மிகப் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். குளிரூட்டிய அறை, ஒரு சைக்கிள் அல்லது டிரெட்மில், எதிரே ஒரு கணினித் திரை. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவர் இந்த ஆய்வுகளைப் படித்தால் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் அப்பாவும் அம்மாவும் நாள் முழுதும் செய்தது உடற்பயிற்சிக் கணக்கில் வருமா? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே இந்த ஆய்வுகளைப் பார்க்கிறேன்.

சிந்தனையிலிருந்து தொடங்கலாம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்துக் காட்டி, சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. வாய் முந்திக்கொண்டு 'சிவப்பு' என்று சொல்லப் பார்க்கும். அதை அடக்கிப் 'பச்சை' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்பார்கள். இப்படி முந்துகிற மனத்தை இழுத்துப் பிடிப்பது, ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கூட்டுவது, ஒரு விதியிலிருந்து சட்டென்று வேறொரு விதிக்கு மாறுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செயலாட்சித் திறன் என்கிறார்கள். பாடத்தில் தேறுவதற்கும், கோபத்தில் கையை ஓங்காமல் இருப்பதற்கும், கூலி வந்த அன்றே அதைக் கரைத்துவிடாமல் இருப்பதற்கும் இந்தத் திறன் வேண்டும்.

ஒரே ஒரு முறை உடற்பயிற்சி செய்தால் என்ன ஆகும்? 2010இல் கேட் லாம்போர்னும் பிலிப் டாம்பரோவ்ஸ்கியும் 40 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பயிற்சி நடந்துகொண்டிருக்கும் முதல் 20 நிமிடங்களில் சிந்தனை சற்றுத் தடுமாறுகிறது. பயிற்சி முடிந்த பிறகு மேம்படுகிறது. 2012இல் யூ-காய் சாங் குழு 79 ஆய்வுகளை அலசியதிலும் பலன் தென்பட்டது, ஆனால் மிகச் சிறிதாக. 11 நிமிடத்துக்குக் குறைந்த பயிற்சி பயன் தரவில்லை. பயிற்சி முடிந்து 11 முதல் 20 நிமிடத்துக்குள் சோதித்தபோதுதான் பலன் நன்றாகத் தெரிந்தது. காரணமும் ஓரளவு விளங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, நோர்அட்ரினலினும் டோபமினும் கூடுகின்றன, மூளை விழிப்பு நிலைக்கு வருகிறது. 1982இல் இவ்-அலன் பார்டேயும் ஹான்ஸ் தோனனும் பிரித்தெடுத்த பி.டி.என்.எஃப் என்ற புரதமும் இரத்தத்தில் உயர்கிறது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் கிளை விடவும் உதவும் புரதம் அது. மிதமான வேகமே நல்லது என்பது பொது முடிவு. என்றாலும் 2007இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் 27 இளைஞர்களிடம் செய்த ஆய்வு அதற்கு மாறாக இருந்தது. மூன்று மூன்று நிமிடங்களாக இரண்டு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு வந்து புதுச் சொற்களைக் கற்றவர்கள், மெதுவோட்டம் ஓடியவர்களையும் சும்மா இருந்தவர்களையும் விட 20 விழுக்காடு விரைவாகக் கற்றார்கள்.

மாதக் கணக்கில் பயிற்சி செய்தால் வரும் மாற்றத்தைப் பற்றித்தான் வழக்கு ஓயவில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது சுவீடன் ஆய்வு. கட்டாய இராணுவப் பணிக்கு 18 வயதில் வந்த 12 லட்சம் ஆண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2009இல் மரியா ஓபெர்க் குழு எழுதியது. இதயமும் நுரையீரலும் வலுவாக இருந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. தசை வலுவுக்கு அப்படித் தொடர்பு எதுவும் இல்லை. 15 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் உடல் தேறியவர்கள் மதிப்பெண்ணிலும் முன்னேறியிருந்தார்கள். கண்ணைக் கவரும் எண்ணிக்கைதான். ஆனால் இது உடன் நிகழ்வதைக் காட்டுகிறதே தவிர, ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று காட்டவில்லை. நல்ல சாப்பாடும் நல்ல வீடும் கிடைத்த பையனுக்கு இரண்டுமே வாய்த்திருக்கலாம்.

ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஆய்வுகளில் குரல் இறங்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யாக்கோவ் ஸ்டெர்ன் குழு 20 முதல் 67 வயது வரை 132 பேரை ஆறு மாதம் பயிற்சியில் வைத்து 2019இல் முடிவை வெளியிட்டது. செயலாட்சித் திறன் உயர்ந்தது. ஆனால் வயது கூடக் கூடத்தான் பலனும் கூடியது. இருபதுகளில் இருந்தவர்களுக்குச் சொல்லும்படி அதிகம் இல்லை. 2023இல் ஸ்பெயினில் லூயிஸ் சிரியா குழு, உடல்நலமுள்ளவர்கள் மட்டும் பங்கேற்ற 109 சோதனைகளை, அதாவது 11,266 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. முதல் பார்வையில் பலனின் அளவு 0.22. பலன் தெரியாத ஆய்வுகள் அச்சேறாமல் மேசைக்குள்ளேயே கிடந்துவிடுவதையும் கணக்கில் கொண்டு திருத்தியபோது அது 0.05க்கு இறங்கியது. இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு அது. 2025இல் ஆஸ்திரேலியாவின் பென் சிங் குழு 2,724 சோதனைகளைத் திரட்டி, உடற்பயிற்சி சிந்தனைக்கும் நினைவுக்கும் தெளிவாக நன்மை செய்கிறது என்றது. இரண்டும் முரண்படுவது போலத் தெரிந்தாலும், ஆஸ்திரேலியத் தொகுப்பில் நோயாளிகளும் சிறுவர்களும் முதியவர்களும் கலந்திருந்தார்கள். நலிந்த இடத்தில் மருந்து வேலை செய்வது தெரியும். நலமாக இருக்கும் 22 வயதுக்காரருக்கு என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. அந்த வயதில் மூளையின் வேகம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றிக் காட்ட இடம் குறைவு. ஆகவே 'ஓடினால் புத்திசாலி ஆகலாம்' என்று மாணவர்களிடம் பேசுவது மிகை என்றே கருதுகிறேன். தேர்வுக்கு முன் அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வா என்று சொன்னால் அதில் உண்மை இருக்கிறது.

இனி தோட்டத்துக் கேள்விக்கு வருகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் ஒரு முரண்பாட்டைப் பத்தாண்டுக்கு மேலாக எழுதி வருகிறார். 2021இல் அவர் குழு கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கு இரண்டும் கூடின. அது இதயத்தைப் பற்றிய ஆய்வு, மூளையைப் பற்றியதல்ல. ஆனாலும் அதில் சொல்லப்படும் காரணங்கள் நமக்கு அன்னியமானவை இல்லை. ஓட்டக்காரன் முக்கால் மணி நேரம் ஓடுகிறான், பிறகு உட்கார்ந்துகொள்கிறான். தொழிலாளி எட்டு மணி நேரம் நிறுத்த முடியாமல் அசைகிறார். எப்போது தொடங்குவது, எப்போது மூச்சு வாங்குவது, எந்தத் தோளில் சுமப்பது என்பவை அவர் கையில் இல்லை. இரத்த அழுத்தம் ஏறியது ஏறியபடியே நிற்கிறது. மறுநாளுக்குள் உடம்பு தேறுவதில்லை.

காட்டு வேலையை நினைத்துப் பாருங்கள். மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடிவது விடிகாலைக் குளிரில். அதனால் நான்கு மணிக்கே எழ வேண்டும். தூக்கத்தைக் கடன் வாங்கித்தான் வெட்டு தொடங்குகிறது. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் இந்தக் கஷ்டம் வேறு வடிவம் எடுத்தது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்தபடி, தலைக்கு மேல் 15, 20 கிலோ தொங்கும் குலையை அறுத்து இறக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும், வேர்வை காயாது. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைந்தால் கவனமும் செயலாட்சியும் தளர்கின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 1.2 லிட்டர் வேர்வை. முதல் சில மணி நேரத்திலேயே அது போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கியபோது 'உடம்பு வேலைக்காரர் பிள்ளைகள், மூளைக்கு அவ்வளவுதான்' என்று பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்த வீடுகளில் உடல் உழைப்பு மிதமிஞ்சி இருந்தது. சிந்தனைக்கு ஊட்டம் தரும் வகையான அசைவுக்கு நேரமும் தெம்பும் மிஞ்சவில்லை.

சிந்தனையைவிட உணர்ச்சியை அறியும் பகுதி எனக்குச் செழிப்பாகத் தெரிகிறது. நம் மரபில் இது புதிய பேச்சும் அல்ல. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தது தொல்காப்பியம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. அமைச்சியலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசனிடம் பிழைக்கவும் காதலியைப் புரிந்துகொள்ளவும் முகம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு இடத்தில் தோன்றியிருக்கிறது. பால் எக்மன் 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் படங்களைக் காட்டி, மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகியவை எல்லா மனிதருக்கும் பொதுவானவை என்று வாதிட்டார். அதை இன்று பலர் ஏற்பதில்லை. 2002இல் எல்ஃபன்பைனும் அம்பாடியும் செய்த தொகுப்பாய்வில், மக்கள் தம் இனத்தவரின் முகத்தை மற்றவர் முகத்தைவிடச் சரியாகப் படிப்பது தெரிந்தது. பழகப் பழக அந்த வேறுபாடு சுருங்குவதும் தெரிந்தது. ஒரே திடலில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் பந்து உதைத்த ஊருக்கு இது முக்கியமான செய்தி.

முகத்தைப் படிக்கும் திறனை அளக்கப் பெரிதும் பயன்படுவது சைமன் பேரன்-கோஹன் 2001இல் திருத்தி வெளியிட்ட 36 கண் படங்கள். கண்களை மட்டும் காட்டி, இந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று கேட்கும் சோதனை. 2015இல் ஹார்ட்ஷார்னும் ஜெர்மைனும் 48,000க்கும் மேற்பட்டோரின் சோதனை முடிவுகளை வயது வாரியாக அடுக்கினார்கள். தகவலைக் கையாளும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சம் தொடுகிறது. கண்களிலிருந்து மனத்தைப் படிக்கும் திறனோ 40க்கு மேல்தான் உச்சத்துக்குப் போகிறது. நான் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இளையோருக்கு வேகத்தில் ஏற இடமில்லை என்றால், முகம் படிப்பதில் இன்னும் இருபது ஆண்டுக்கு வளர இடம் இருக்கிறது. உடலசைவு இளையோருக்கு எதையாவது செய்யும் என்றால் அதை இங்கே தேடுவது பொருத்தம்.

கிடைத்திருக்கும் சான்றுகள் சிறியவை, ஆனால் சுவையானவை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹீனனும் ட்ரோயேயும் 2014இல் ஒளிப்புள்ளிகளால் ஆன மனித உருவம் ஒன்றைத் திரையில் நடக்கவிட்டார்கள். அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்ல முடியாத உருவம். பதற்றம் உள்ளவர்களுக்கு அது தங்களை நோக்கி வருவதாகவே அதிகம் தோன்றும். டிரெட்மில்லில் பத்து நிமிடம் நடந்தவர்களிடமும் ஓடியவர்களிடமும் அந்தச் சாய்வு குறைந்தது. ஹார்வர்டில் எமிலி பெர்ன்ஸ்டைனும் ரிச்சர்ட் மெக்நாலியும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேர மெதுவோட்டத்துக்குப் பிறகு துயரமான திரைப்படக் காட்சியைக் காட்டினார்கள். தம் உணர்ச்சியைச் சமாளிப்பது கடினம் என்று சொன்னவர்களில் ஓடியவர்கள், தசையை மட்டும் நீட்டி மடக்கியவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். இவை நேரடியாக முகம் படிக்கும் சோதனைகள் அல்ல. ஆனால் உள்ளே பதற்றம் இருக்கும்போது வெளியே இருக்கும் முகமெல்லாம் மிரட்டலாகத் தெரியும். உடம்பு அசைந்து பதற்றம் இறங்கினால் முகத்தில் உள்ளது உள்ளபடி தெரிய வழி பிறக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் சாரா கார்ஃபிங்கெல் குழு 2014இல் காட்டியபடி, இதயம் சுருங்கும் கணத்தில் அச்சமுற்ற முகம் இன்னும் தீவிரமாகத் தெரிகிறது. டால்ஃப் சில்மன் 1970களில் காட்டியது போல, ஓடி முடித்த உடம்பில் மிச்சமிருக்கும் துடிப்பை மனம் கோபம் என்று தவறாக எடுத்துக்கொள்ளவும் கூடும். பந்தாட்டம் முடிந்த கையோடு திடலோரத்தில் வெடிக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நமக்கு மிக அருகில் வரும் ஆய்வு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நடந்தது. மேல்நாட்டு முகங்களை வைத்து இந்தியரைச் சோதிப்பது சரியாகாது என்று, இந்திய நடிகர்கள் ஆறு உணர்ச்சிகளையும் காட்டும் நிழற்படங்களும் அசைபடங்களும் கொண்ட 'டிரெண்ட்ஸ்' என்ற சோதனையை அங்கே உருவாக்கினார்கள். ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளுக்குப் பிறர் முகத்தைப் படிப்பது கடினம். 2011இல் பெஹெரேயும் கங்காதரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் 27 பேர் யோகா செய்தார்கள், 17 பேர் உடற்பயிற்சி செய்தார்கள், 22 பேர் காத்திருந்தார்கள். முகம் படிக்கும் திறன் யோகா செய்தவர்களிடம் உயர்ந்தது. உடற்பயிற்சி செய்தவர்களிடம் அப்படி உயரவில்லை. 2013இல் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வு, யோகா செய்தவர்களின் இரத்தத்தில் ஆக்சிடோசின் கூடியதாகச் சொன்னது. சிறிய குழுக்கள்தான், அதுவும் நோயாளிகள். இதை அப்படியே 20 வயது இளைஞர் மீது போர்த்த முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறது: எவ்வளவு வேர்த்தது என்பதோடு, எப்படி, யாரோடு, எந்தக் கவனத்தோடு உடம்பு அசைந்தது என்பதும் முகம் படிப்பதில் பங்கு பெறலாம்.

யாரோடு என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா கோஹன், ராபின் டன்பார் குழு 12 படகோட்டிகளை அளந்தது. தனியாகத் துடுப்பு வலித்த நாளிலும் அணியாகச் சேர்ந்து வலித்த நாளிலும் உழைப்பு ஒன்றே. சேர்ந்து வலித்த நாளில் மட்டும் வலி தாங்கும் அளவு கணிசமாக உயர்ந்தது. மூளையில் சுரக்கும் எண்டோர்ஃபினின் வேலை அது என்று அவர்கள் கருதினார்கள். தாளம் ஒன்றாகும்போது உடம்புகள் ஒன்றை ஒன்று நம்பத் தொடங்குகின்றன. உறுமி மேளக் குழுவில் கனத்த மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இரத ஊர்வலத்தில் மணிக்கணக்காக நடக்கும் தோட்டத்துப் பையன்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தாளம் மாறப்போவது உறுமிக்காரனின் புருவத்தில் தெரிந்துவிடும் அவர்களுக்கு. சிலம்பத்திலும் அப்படித்தான். எதிராளியின் கம்பைப் பார்த்தால் அடி விழும், கண்ணைப் பார்க்கச் சொல்வார் ஆசான். சடுகுடுவில் பாடி வருகிறவன் யாரைத் தொடப்போகிறான் என்பதை அவன் மூச்சும் பார்வையும் காட்டிக்கொடுக்கும். டிரெட்மில்லில் தனியாக ஓடும் மாணவர் எதிரே முகமே கிடையாது.

அதிகாரம் இல்லாதவர்களுக்கு முகம் படிப்பது பிழைக்கும் வழி என்றும் ஒரு கருத்து உண்டு. 2010இல் மைக்கேல் கிராஸ், ஸ்டெஃபன் கோட்டே, டாச்சர் கெல்ட்னர் மூவரும், படிப்பும் வசதியும் குறைந்தவர்கள் மற்றவர் உணர்ச்சியைக் கூடுதலாகச் சரியாகப் படித்தார்கள் என்று எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. பிரட்டுக் களத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கருத்தை நம்பத் தோன்றும். ஆனால் பிரட்டுக் களத்தில் கற்ற முகவாசிப்பு பெரும்பாலும் அச்சத்தையும் கோபத்தையும் பற்றியது. தோட்ட நிர்வாகியான துரையின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே உடம்பு இறுகிக்கொள்ளும் வாசிப்பு. மாலையில் பந்துத் திடலில் கற்றது வேறு. நண்பன் பந்தைத் தருவானா மாட்டானா, கீழே விழுந்தவனுக்கு நிஜமாகவே அடிபட்டதா, தோற்ற அணிக்காரன் கைகொடுக்கும்போது அவன் கண் என்ன சொல்கிறது என்பவை. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த தோட்டங்களில் ஒரே பிள்ளை இரண்டையும் ஒரே நாளில் கற்றான்.

அந்தத் திடல்களில் பல இன்று இல்லை. நீலாயிலும் லாபுவிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் பல்கலைக்கழக வளாகங்களாகவும் மாறின. செம்பனைக் காட்டில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வேலை செய்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பேரப்பிள்ளைகள் செனாவாங் தொழிற்சாலைகளில் முறை வேலைக்குப் போகிறார்கள், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறார்கள், நீலாய் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். காண்டா சுமந்த தோள்கள் ஒரே தலைமுறையில் நாற்காலிக்கு வந்துவிட்டன. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நால்வரில் ஒருவர் போதிய உடலசைவு இல்லாதவர். 2023இல் அது பத்தில் மூவராகியது. இந்தியர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு என்று 2019 ஆய்வு சொன்னது. மிதமான பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. இரவு முறை முடித்து வரும் பையனுக்கு அதை எங்கே, யாரோடு செய்வது என்பதுதான் சிக்கல். ஐந்தாவது மாடி வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, கோல் கம்பம் இல்லை.

சிரம்பானிலோ நீலாயிலோ உளவியல், உடற்கல்வி படிக்கும் மாணவர்கள் செய்து பார்க்கக்கூடிய ஓர் ஆய்வு என் மனத்தில் இருக்கிறது. தமிழ், மலாய், சீன முகங்களும், இன்று காட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச முகங்களும் கலந்த ஒரு படத்தொகுதியை முதலில் எடுக்க வேண்டும். பிறகு 18 முதல் 25 வயதுள்ள நான்கு குழுக்கள். ஒன்று தனியாக மெதுவோட்டம் ஓடட்டும். ஒன்று பந்து விளையாடட்டும் அல்லது உறுமி அடித்து நடக்கட்டும். ஒன்று செம்பனை வெட்டி முடித்து வந்தவர்களாக இருக்கட்டும். ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அரை மணி கழித்து நான்கு குழுக்களுக்கும் ஸ்ட்ரூப் சோதனையும் முகப் படங்களும். மூன்று மாதம் தொடர்ந்து, முடிவு எப்படி வந்தாலும் அச்சிட வேண்டும். திடல் இன்னும் மிச்சமிருக்கும் தோட்டமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. பகாவ் பக்கத்திலும் போர்ட்டிக்சன் சாலையிலும் அப்படிச் சில இருக்கின்றன. மாலை ஐந்தரைக்குப் போனால் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.